வழுவும் வழுவமைதியும்: ஆங்கில வாக்கியத்தைத் திருத்துவது பற்றி

வங்கித் தேர்வுக்கோ எஸ்எஸ்சி தேர்வுக்கோ படிக்கும் எவருக்கும் இந்தக் கேள்வி வகை பழக்கமானது. ஓர் ஆங்கில வாக்கியத்தைத் துண்டு துண்டாக வெட்டி ஏ, பி, சி என்று குறி போட்டிருப்பார்கள். எந்தத் துண்டில் பிழை என்று சொல்ல வேண்டும். பிழையே இல்லை என்றால் டி. பயிற்சி மையங்களில் இதற்கென்று தனி வகுப்பு உண்டு, தனிப் புத்தகம் உண்டு. 'ஒன் ஆஃப் த' வந்தால் அடுத்து பன்மை இருக்கிறதா என்று பார். 'நோ சூனர்' வந்தால் 'தேன்' தேடு. 'சீனியர்' வந்தால் 'டு'. 'லெஸ்ட்' வந்தால் 'ஷுட்'. இப்படி ஐம்பது அறுபது சூத்திரங்களைக் கைவசப்படுத்திக்கொண்டால் மதிப்பெண் கிடைத்துவிடும். அப்படி மதிப்பெண் வாங்கி வேலைக்குப் போனவர் எழுதும் முதல் மின்னஞ்சலிலேயே 'ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் ஜூன்' என்று இருக்கும். விழுந்து விழுந்து படித்த 'லெஸ்ட்' என்ற சொல்லை அவர் தம் ஆயுளில் ஒருமுறைகூட எழுதப் போவதில்லை.

ஆக, பிறர் வாக்கியத்தில் பிழை பிடிப்பது ஒரு திறமை, தன் வாக்கியத்தைப் பிழையில்லாமல் எழுதுவது இன்னொன்று. முதலாவது இருந்தால் இரண்டாவது தானே வந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் நம் ஊரில் ஆங்கில இலக்கணம் தலைமுறை தலைமுறையாகக் கற்பிக்கப்படுகிறது. நெஸ்ஃபீல்டு இலக்கணம் இருந்த இடத்துக்கு 1930களில் ரென்னும் மார்ட்டினும் வந்தார்கள். நம்பிக்கை அப்படியே இருந்தது. இந்தப் பிழை எங்கிருந்து வருகிறது என்ற கேள்விதான் அந்தப் புத்தகங்களில் இல்லை. அதைக் கேட்காமல் செய்யும் திருத்தம் அந்த வாக்கியத்தோடு முடிந்துபோகும். அடுத்த வாக்கியத்தில் அதே பிழை திரும்ப வரும்.

கேள்வியை மொழியியலாளர்கள் கேட்கத் தொடங்கிக் கிட்டத்தட்ட எழுபது ஆண்டுகள் ஆகின்றன. 1957இல் அமெரிக்கரான ராபர்ட் லாடோ ஒரு நூல் எழுதினார். தாய்மொழியையும் கற்கும் மொழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், எங்கே வேறுபாடோ அங்கே பிழை வரும் என்பது அவர் வாதம். 1967இல் பிட் கார்டர் என்ற பிரிட்டிஷ் அறிஞர் இன்னொரு பக்கத்திலிருந்து வந்தார். களைப்பிலும் அவசரத்திலும் நாக்கோ கையோ தவறுவது வேறு. திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வரும் பிழை வேறு. இரண்டாவது, கற்பவர் மனத்தில் ஓடும் விதிக்குச் சாட்சி என்றார் அவர். 1972இல் லாரி செலிங்கர் அந்த விதித் தொகுப்புக்கு இடைமொழி என்று பெயர் கொடுத்தார்: தாய்மொழியுமல்ல, கற்கும் மொழியுமல்ல, நடுவில் தனக்கென்று ஒழுங்குள்ள ஒன்று. அதில் சில பிழைகள் ஒரு கட்டத்தில் உறைந்துபோகும், எவ்வளவு படித்தாலும் அசையாது என்றும் சொன்னார்.

தமிழர் எழுதும் ஆங்கிலத்தை வைத்து இவர்களைச் சோதித்துப் பார்க்கலாம். லாடோவுக்கு நல்ல மதிப்பெண் கிடைக்கும் இடங்கள் நிறைய உண்டு.

அந்த 'சின்ஸ் ஜூன்' வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். 'ஜூனிலிருந்து இங்கே வேலை பார்க்கிறேன்' என்பது தமிழில் குறையில்லாத வாக்கியம். எப்போதோ தொடங்கி இன்றுவரை தொடரும் செயலுக்கு நமக்கு நிகழ்காலமே போதும். ஆங்கிலம்தான் அங்கே 'ஹேவ் பீன் ஒர்க்கிங்' என்று தனி வடிவம் கேட்கிறது. ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் இதே இடத்தில் தடுக்குகிறார்கள், அவர்கள் மொழியிலும் அங்கே நிகழ்காலம்தான். அதனால் 'சின்ஸ், ஃபார் வேறுபாடு' என்ற தலைப்பில் இதைப் பாடம் நடத்துவதில் பயன் குறைவு. 'சின்ஸ்' சரியாகத்தான் வந்திருக்கிறது. தவறு வினையில்.

இதன் மறுபக்கம் 'ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே'. காலையில் எழுந்து ஈரமான வாசலைப் பார்த்து 'நேற்று ராத்திரி மழை பெய்திருக்கிறது' என்கிறோம். பெய்ததன் விளைவு கண்முன் இருந்தால் 'இருக்கிறது' சேரும், 'நேற்று' அதற்குத் தடை இல்லை. ஆங்கிலத்தில் 'ஹேவ்' போட்ட வினை, முடிந்துபோன குறிப்பிட்ட நேரத்தைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளாது. ஒன்று 'யெஸ்டர்டே' போக வேண்டும், இல்லை 'ஹேவ்' போக வேண்டும். இந்த ஒரு விஷயத்தை நம் வாசலில் வைத்துச் சொல்லிக்கொடுத்தால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும். பன்னிரண்டு கால வடிவங்களின் அட்டவணையை ஒப்பிக்கச் சொன்னால் கல்லூரி முடித்தாலும் புரியாது.

'ஐ ஆஸ்க்ட் ஹிம் வாட் இஸ் ஹிஸ் நேம்' என்பதில் நம்முடைய 'என்று' ஒளிந்திருக்கிறது. 'உன் பேர் என்ன என்று கேட்டேன்.' கேட்ட கேள்வியைக் கேட்டபடியே உள்ளே வைத்து 'என்று' என்ற ஒரு சொல்லால் மூடிவிடலாம். ஆங்கிலத்தில் கேள்வி இன்னொரு வாக்கியத்துக்குள் புகுந்தால் கேள்வியின் வரிசையை விட்டுவிட வேண்டும்: 'வாட் ஹிஸ் நேம் வாஸ்'. 'ஐ டோன்ட் நோ வேர் இஸ் ஹி' என்பதும் இதே பிழை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. நேர்க் கேள்வியில் 'வேர் யூ ஆர் கோயிங்' என்று வரிசையை மாற்ற மறப்பவரேதான் உட்கேள்வியில் மாற்றக்கூடாத இடத்தில் மாற்றுவார். பள்ளியில் 'கேள்வி என்றால் வினையை முன்னால் போடு' என்று அடித்துச் சொன்னதன் பலன் அது.

'டிஸ்கஸ் அபவுட்' பற்றிப் பேசி அலுத்துவிட்டது. 'பற்றி விவாதித்தார்கள்' என்பதன் நேர்நிழல், அவ்வளவுதான். 'ரிட்டர்ன் பேக்', 'என்டர்ட் இன்டு த ரூம்' எல்லாம் அந்தக் கூட்டம். பட்டியலாக மனப்பாடம் செய்வதைத் தவிர இவற்றுக்கு வேறு வழி இல்லை. உள்ளூர விதி ஒன்றும் கிடையாது.

எழுவாய்க்கும் வினைக்கும் உள்ள பொருத்தம்தான் சற்று நின்று பார்க்க வேண்டிய இடம். தேர்வுத்தாள்களின் செல்லப்பிள்ளையும் அதுவே. 'த பிரைஸ் ஆஃப் ஆனியன்ஸ் அண்ட் டொமேட்டோஸ் ஹேவ் கான் அப்.' வினை 'ஹேஸ்' என்று இருக்க வேண்டும், ஏறியது விலை. தமிழில் இதைத் தவறாகச் சொல்வது கடினம்: 'வெங்காயம், தக்காளியின் விலை ஏறிவிட்டது.' விலை என்ற சொல் வினைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. நம் மொழியில் அடைகள் முன்னால் வரும், தலைமைச் சொல் கடைசியில் வரும். அதனால் வினைக்கு அருகே இருப்பதே பெரும்பாலும் எழுவாய். ஆங்கிலத்தில் தலைமைச் சொல் முன்னால் போய்விட, அதற்கும் வினைக்கும் இடையில் வேறு பெயர்ச்சொற்கள் புகுந்துகொள்கின்றன. பக்கத்தில் இருப்பதை எழுவாயாகக் கொள்ளும் நம் காது அங்கே ஏமாறுகிறது என்பது என் ஊகம். முழுப் பழியையும் தமிழ்மேல் போடவும் முடியாது. 1991இல் கேத்ரின் பாக், கரோல் மில்லர் என்ற இரு ஆய்வாளர்கள் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிடம் இத்தகைய தொடர்களின் முன்பாதியைக் கொடுத்து முடிக்கச் சொன்னார்கள். நடுவில் பன்மைப் பெயர் வந்தபோது அவர்களும் வினையைப் பன்மையாக்கித் தவறினார்கள். தூரம் எவரையும் ஏமாற்றும்.

இந்தப் பிழையைப் பிடிக்க வழி எளிது. வாக்கியத்தை முதலிலிருந்து படிக்காதீர்கள். காலம் காட்டும் வினையை முதலில் பிடியுங்கள். செய்தது எது, யார் என்று கேளுங்கள். நடுவில் 'ஆஃப்', 'வித்', 'அலாங் வித்', 'ஹூ', 'விச்' என்று தொடங்கும் எதையும் விரலால் மறைத்துவிட்டு மிச்சத்தைப் படியுங்கள். தேர்வில் வரும் பொருத்தக் கேள்விகளில் பெரும்பகுதி இதற்குள் அடங்கும். பயிற்சிப் புத்தகங்களோ இதையே இருபது விதிகளாகப் பிரித்து விற்கின்றன.

'ஏ', 'ஆன்', 'த' மூன்றும் தமிழில் இல்லை, அதனால் தடுமாறுகிறோம் என்பார்கள். பாதி உண்மை. 'புத்தகம் வாங்கினேன்' என்பதற்கும் 'புத்தகத்தை வாங்கினேன்' என்பதற்கும் வேறுபாடு தமிழ் தெரிந்த எவருக்கும் புரியும். இரண்டாவதில் அது எந்தப் புத்தகம் என்று கேட்பவருக்கு முன்பே தெரியும். 'த' செய்யும் வேலையின் ஒரு பகுதியை, செயப்படுபொருளாக வரும் அஃறிணைப் பெயரில், நம் 'ஐ' உருபு செய்கிறது. எழுவாய் இடத்துக்கு வந்தால் அந்த உதவி இல்லை. 'புத்தகம் மேசைமேல் இருக்கிறது' என்பதில் எந்த அடையாளமும் கிடையாது. தெரிந்ததிலிருந்து தொடங்கலாம் என்பதே இதில் எனக்குப் படும் ஆறுதல். ஆனாலும் இந்த மூன்று சின்னச் சொற்கள்தான் கடைசிவரை கழுத்தை அறுக்கும். ரஷ்யரும் ஜப்பானியரும் சீனரும் இதில் நமக்குத் துணை.

லாடோ தோற்கும் இடங்களும் உண்டு. 'ஹி டிட் நாட் வென்ட்' என்பதற்குத் தமிழில் வேர் இல்லை. 'போகவில்லை' என்பதில் காலமே தெரிவதில்லை. அதைப் பார்த்து எழுதுபவர் இரண்டு இடத்தில் இறந்தகாலம் போட மாட்டார். ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளும் ஒரு வயதில் இப்படிச் சொல்வார்கள். இது 'நடந்தது என்றால் இறந்தகாலம் போடு' என்ற விதியை எல்லை தாண்டி நீட்டியதால் வந்த பிழை. 'ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்', 'ஐ ஆம் நோயிங்' என்பவையும் அப்படித்தான். நாம் என்றைக்கும் 'தெரிந்துகொண்டிருக்கிறேன்' என்று சொல்வதில்லை. 'எனக்குத் தெரியும்' என்போம். தமிழைப் பார்த்து எழுதினால் இந்தப் பிழை வந்திருக்கக்கூடாது. இந்தி பேசுவோரிடமும் மலையாளம் பேசுவோரிடமும் ஆப்பிரிக்க நாடுகளின் ஆங்கிலத்திலும் இது காணக் கிடைக்கிறது. ஒழுங்காக எல்லா வினையோடும் ஒட்டிக்கொள்ளும் 'இங்' கற்பவருக்குப் பிடித்துப்போகிறது போலும். மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் 2003இல் உலகம் முழுவதும் கொண்டுவந்த விளம்பர வாசகமே 'லவ்' என்ற வினையோடு 'இங்' சேர்த்ததுதான். அதற்கு யாரும் சிவப்புப் பேனா எடுக்கவில்லை.

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. எது பிழை என்று தீர்மானிப்பது யார்?

'வாக்கியத்தை முன்னிடைச் சொல்லில் முடிக்காதே' என்று இன்றும் சில ஆசிரியர்கள் சொல்வார்கள். 1672இல் ஜான் டிரைடன், பென் ஜான்சனின் நடையில் அதைக் குறையாகச் சொன்னார். 1762இல் இலக்கணம் எழுதிய ராபர்ட் லோத், பிற்காலத்தில் லண்டன் பேராயர் ஆனவர், அது பேச்சுநடைக்கு உரியது, கனமான நடைக்கு ஆகாது என்றார். அதைச் சொன்ன வாக்கியத்தையே அவர் முன்னிடைச் சொல்லில் முடித்திருக்கிறார். 'டு'வுக்கும் வினைக்கும் நடுவில் வேறு சொல் வரலாகாது என்ற தடை பத்தொன்பதாம் நூற்றாண்டில் வலுத்தது. 1926இல் ஃபௌலர் தமது அகராதியில் அதைக் கிண்டலே செய்தார். ஒருவரைக் குறிக்க 'தே' சொல்வது பதினான்காம் நூற்றாண்டிலிருந்தே ஆங்கிலத்தில் இருக்கிறது. இலக்கணக்காரர்கள் அதை விரட்டி 'ஹி' போடச் சொன்னார்கள். 1850இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டங்களில் ஆண்பாற் சொல் பெண்ணையும் குறிக்கும் என்று சட்டமே இயற்றியது. 2019இல் மெரியம் வெப்ஸ்டர் அகராதி 'தே'யை ஆண்டின் சொல்லாக அறிவித்தது. நம் வினாத்தாள்களில் 'எவ்ரிபடி' வந்து பின்னால் 'தேர்' வந்தால் இன்னும் அது பிழைதான்.

தமிழ் இலக்கணத்தில் இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு இருக்கிறது. வழாநிலை, வழு என்ற இரண்டோடு நிறுத்தாமல் வழுவமைதி என்று மூன்றாவது ஒன்றை வைத்தார்கள். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று ஏழு வகையில் வழு எண்ணி, ஒவ்வொன்றிலும் காரணம் இருந்தால் அமைதி உண்டு என்றார்கள். உவப்பில் பசுவை அம்மா என்று அழைத்து உயர்திணை வினை கொடுப்பது திணை வழுவமைதி. செருப்பைக்கூட மாட்டாமல் தொலைபேசியில் 'இதோ வந்துட்டேன்' என்கிறோமே, அது விரைவு பற்றி வந்த கால வழுவமைதி. இந்திய ஆங்கிலத்திலும் இப்படி அமைதி பெற்றவை உண்டு. 'பிரிபோன்' என்ற சொல்லை இந்தியர் தேவைக்காகப் புழக்கத்தில் விட்டார்கள், இன்று ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் அதற்கு இடம் இருக்கிறது. 'ஐ கேம் யெஸ்டர்டே ஒன்லி' என்பதில் நம் 'தான்' உட்கார்ந்திருக்கிறது. சென்னை அலுவலகத்தில் யாருக்கும் பொருள் மாறாது. பிரஜ் கச்ரு போன்றவர்கள் இந்திய ஆங்கிலத்துக்குத் தனி நியாயம் உண்டு என்று வாழ்நாள் முழுக்க வாதாடினார்கள். ஆனால் அமைதிக்கு நிபந்தனை காரணமும் இடமும். உள்ளூர்ப் பேச்சில் அமையும் 'ஒன்லி', வெளிநாட்டுக்கு அனுப்பும் ஆய்வுக் கட்டுரையில் அமையாது. 'டிட் நாட் வென்ட்' எங்கேயும் அமையாது. 'இதுவும் இந்திய ஆங்கிலம்தானே' என்று சோம்பலுக்குக் கவசம் தேடுபவர்களிடம் எனக்கு அனுதாபம் இல்லை.

பிழை எதுவென்று தெரிந்தபின் திருத்துவதால் பயன் உண்டா? இந்தக் கேள்வி ஆங்கில ஆசிரியர்களிடையே பெரிய சண்டையாகவே நடந்தது. ஜான் டிரஸ்காட் 1996இல் எழுதிய கட்டுரையில், எழுத்து வகுப்பில் இலக்கணப் பிழை திருத்துவது பயனற்றது, தீங்கானதும்கூட, நிறுத்திவிடலாம் என்றார். சிவப்பு மையில் மிதக்கும் கட்டுரையைத் திரும்ப வாங்கும் பிள்ளை அடுத்தமுறை பிழைக்குப் பயந்து சின்னச் சின்ன வாக்கியமாக எழுதும், கற்பது குறையும். டானா ஃபெரிஸ் 1999இல் மறுத்தார்: எல்லாத் திருத்தமும் ஒன்றல்ல, அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். பிறகு ஜான் பிச்சனர் நியூசிலாந்தில் ஒரு சோதனை செய்தார். மாணவர் எழுத்தில் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு 'ஏ', 'த' இரண்டின் இரண்டு பயன்பாடுகளை மட்டும் திருத்தினார். 2008இல் வந்த முடிவு: திருத்தம் பெற்றவர்கள் பெறாதவர்களைவிட அவ்விடங்களில் நன்றாக எழுதினார்கள், சில வாரங்கள் கழித்தும். ஒன்றை எடுத்து அதையே விடாமல் பிடித்தால் பலன் உண்டு. எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்தினால் இல்லை என்று நான் இதை வாசிக்கிறேன்.

வாய்மொழித் திருத்தத்திலும் இதுபோல ஒரு விஷயம். 1997இல் ராய் லிஸ்டர், லெய்லா ரான்டா இருவரும் கனடாவின் பிரெஞ்சு வகுப்புகளைக் கவனித்தார்கள். ஆசிரியர்கள் மிக அதிகம் கையாண்ட முறை, பிள்ளை தவறாகச் சொன்னதைத் தாம் சரியாகத் திருப்பிச் சொல்வது. பிள்ளை தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ள மிகக் குறைவாக உதவியதும் அதுவே. 'என்ன சொன்னாய், இன்னொரு தரம் சொல்' என்று கேட்டு நிறுத்தியபோது பிள்ளைகள் தாமே திருத்திக்கொண்டார்கள்.

நம் பக்கத்தில் இதையெல்லாம் துணிந்து சோதித்தவர் என். எஸ். பிரபு. 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை உள்ளிட்ட ஊர்களின் சாதாரணப் பள்ளிகளில், இலக்கணப் பாடமே நடத்தாமல், ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்ற வேலைகளைக் கொடுத்து அந்த வேலை முடிக்கும் வழியில் ஆங்கிலம் கற்பிக்கும் திட்டம் நடந்தது. பிழை வந்தால் போகிற போக்கில் சரி செய்வார்கள். நிறுத்தி விளக்கம் சொல்வதில்லை. மதிப்பிட்டவர்கள் தயக்கத்தோடுதான் ஆதரவாகச் சொன்னார்கள். உலகம் முழுவதும் பாடத்திட்ட நூல்கள் இன்றும் அதைப் பேசுகின்றன. அது நடந்த ஊர்களில் பயிற்சி மையங்கள் 'நோ சூனர்' சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

பிழைகளுக்குள் எடை வேறுபாடு உண்டு என்பதை மரினா பர்ட், கரோல் கிபார்ஸ்கி இருவரும் 1972 நூலில் வற்புறுத்தினார்கள். 'ஹி கோ டு ஆபீஸ்' என்றால் காதுக்கு உறுத்தல், பொருளுக்குச் சேதம் இல்லை. 'த லெட்டர் த மேனேஜர் சென்ட்' என்று ஒரு வாக்கியம் வந்தால் கடிதத்தை அனுப்பியவர் மேலாளரா, பெற்றவர் மேலாளரா? தமிழில் வேற்றுமை உருபு இருப்பதால் சொல்லை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். ஆங்கிலத்தில் இடமே உருபு. வரிசை குலைந்தால் வாக்கியம் முழுவதும் போயிற்று. திருத்த நேரம் குறைவாக இருக்கும் ஆசிரியர் இப்படிப்பட்டதையே முதலில் தொட வேண்டும். நம் தேர்வுகளிலோ இரண்டுக்கும் ஒரே மதிப்பெண்.

இப்போது கணினியே திருத்திவிடுகிறதே என்பார்கள். திருத்துகிறது, பல இடங்களில் நன்றாகவே. இந்தத் துறையின் ஆய்வாளர்கள் 2014இல் நடத்திய போட்டி ஒன்றில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக மாணவர்களின் 50 கட்டுரைகளைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டார்கள். பிழைகளை 28 வகையாகப் பிரித்தார்கள். மதிப்பெண் போடும் முறையில் ஒரு நுட்பம் வைத்தார்கள்: பிழையைக் கவனிக்காமல் விடுவதைவிட, சரியாக இருப்பதைக் 'திருத்தி'க் கெடுப்பது பெரிய குற்றம். நம் வகுப்பறைகளுக்கும் இந்த விதி வந்தால் நல்லது. மறு ஆண்டு கிறிஸ்டோபர் பிரையன்ட், ஹ்வீ டோ இங் இருவரும் அதே 50 கட்டுரைகளுக்கு மொத்தம் பத்துப் பேர் செய்த திருத்தங்களை ஒப்பிட்டார்கள். பத்துப் பேரும் ஒத்துப்போகவில்லை. ஒருவர் பிழை என்று மாற்றியதை இன்னொருவர் தொடவேயில்லை. இருவரும் தொட்ட இடத்தில் மாற்றிய விதம் வேறாக இருந்தது. மற்றவர்களின் திருத்தத்தை விடைத்தாளாக வைத்து ஒருவருக்கு மதிப்பெண் போட்டால் மனிதருக்கும் நூற்றுக்கு எழுபத்துச் சொச்சமே தேறியது. தேர்வுத்தாளில் ஏ, பி, சி, டி நான்கில் ஒன்றை மட்டும் விடையாகக் குறித்து அச்சடிக்கிறவர்கள் அந்தக் கட்டுரைகளில் ஒன்றை ஒருமுறை திருத்திப் பார்க்கலாம்.